நூற்றெட்டுச் செவ்வரத்தை

“இந்தப் பூவையா உங்க சாமி கழுத்தில போடுறீங்க? பயமா இல்லையா உங்களுக்கு?”

தினுஷா இப்படிக் கேட்டபோது இரண்டு பேருக்கும் ஒன்பது வயது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் வினோஜா. வினோஜாவின் இடுப்பில் பூக்கூடை, கூடை நிறையச் செவ்வரத்தை. பூவைக் கண்டு எதற்குப் பயம் என்று திருப்பிக் கேட்கத்தான் வினோஜாவுக்கு ஆசை. ஆனால் அவளுக்குத் தோன்றுகிற கேள்விகளில் பத்தில் ஒன்றுகூட வாய்வரை வந்து சேராது. இல்லை என்று தலையை ஆட்டினாள். தினுஷாவும் அதோடு விட்டுவிட்டாள். பிறகு இருவரும் பாக்கு மரத்தடியில் கல் விளையாடப் போனார்கள்.

அந்த வேலியை நட்டவர் வினோஜாவின் அப்பா செல்வரத்தினம். வடக்கிலிருந்து பல்லேபொல கமநல அலுவலகத்துக்குக் கிளார்க்காக வந்து, காணி வாங்கி, வீடு கட்டி, மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடியவர். அவருக்கு அது செவ்வரத்தை. மாத்தளை டவுனில் பிறந்த அம்மா நேசம்மாவுக்குச் செம்பருத்தி. மேல்வீட்டு மார்ஜரி டீச்சருக்குச் சப்பாத்துப்பூ. அந்தக் காலத்துத் துரைமார் சப்பாத்துக்குப் பாலீஷ் இல்லாதபோது இதைத்தான் தேய்ப்பார்களாம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருக்கும் றிஸ்மியாவுக்குப் பூவே கணக்கில்லை, இலைதான் வேண்டும். நாலு வீட்டுக்கும் நடுவில் அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. இரண்டு பிள்ளைகள் குனிந்து புகுந்து புகுந்து உண்டாக்கியது. பத்தாம் வகுப்பில் ஒருநாள் வினோஜாவை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை, பிறகு போகவே இல்லை. அதன் பிறகு வீட்டாரைத் தவிர அவள் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அந்த இடைவெளி வழியாக வருகிற தினுஷாதான். தினுஷா ஏ.எல். படித்தாள், சிநேகிதிகள் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனாலும் பின்னேரமானால் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிடுவாள். தினுஷாவின் தமிழும் வினோஜாவின் சிங்களமும் ஒரே அளவுக்குக் கோணல், அதனால் இருவருக்கும் வெட்கமில்லை.

தினுஷாவின் அண்ணன் சம்பத் த்ரீவீலர் ஓட்டினான். வினோஜாவின் அண்ணன் நிரூபனுக்கு அவன் கூட்டாளி. கூட்டாளியென்றால், நிரூபனுக்கு ஓட்டப் பழக்கியதும் அவன்தான், லைசன்ஸ் எடுக்காமல் நிரூபன் மெயின் ரோட்டில் ஓட்டுவதைக் கண்டும் காணாமல் பின்சீற்றில் உட்கார்ந்திருந்ததும் அவன்தான்.

நாலந்தா பக்கத்து வளைவில் அது நடந்தது. பட்டப்பகல், ஆனால் மழை. சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை நிரூபன் அடித்துவிட்டான். அவரை யாரோ வான் ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிரூபன் போன் பண்ணியதும், போலீஸ் வருவதற்கு முன் நேசம்மா வந்து சேர்ந்தாள், கூடவே வினோஜாவும். நேசம்மா மகனைப் பார்க்கவில்லை. நேரே போய்ச் சம்பத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, இவனுக்கு லைசன்ஸ் இல்ல. அடுத்த மாசம் கவர்மெண்ட் வேலைக்கு லெட்டர் வருது. போலீஸ் கேஸ்னு ஒண்ணு வந்தா எல்லாம் போச்சு. உனக்கு லைசன்ஸ் இருக்கு. நீ ஓட்டினதா சொன்னா ரெண்டு நாளில விட்டுருவாங்க.”

சம்பத் நிரூபனைப் பார்த்தான். நிரூபன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சரி அம்மா, அழ வேணாம்,” என்றான் சம்பத். “ஆனா எங்க வீட்டில யாருக்கும் சொல்ல வேணாம். முக்கியமா தினுஷாவுக்கு. அவ ஊரைக் கூட்டிருவா.” பிறகு ட்ரைவர் சீற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு வினோஜாவைப் பார்த்துச் சிரித்தான். “ரெண்டு நாள் நல்லா தூங்கிட்டு வாறேன், நங்கி,” என்றான், சொந்தத் தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் பெரியவர் இறந்துபோனார். இரண்டு நாள் பதினான்கு நாளாயிற்று. பதினான்கு நாள் முடிய இன்னொரு பதினான்கு. இப்படி ஐந்து தவணை. இதற்கிடையில் நிரூபனுக்கு லெட்டர் வந்தது. ஒவ்வொரு காலையும் அயர்ன் பண்ணிய சட்டையோடு மாத்தளை பஸ்ஸுக்கு நின்றான். அவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அங்கே சிறையில் சம்பத்துக்குத் தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

அந்த எழுபது நாளும் தினுஷா வந்தாள். இடைவெளியில் குனிந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“அண்ணன் பதினெட்டு வயசிலருந்து ஓட்டுறான், வினோ. ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. எப்படி அடிச்சான்? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். சிரிக்கிறான். குடிச்சிருந்தானா? உங்க அண்ணன் கூடத்தானே இருந்தாரு, அவரு ஏதாவது சொன்னாரா?”

வினோஜா செவ்வரத்தை இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பேசாத பெண் பேசவில்லை என்பதால் தினுஷாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஊமைத்தனமும் ஒரு நல்ல மறைப்புத்தான் என்று வினோஜா அந்த நாட்களில் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதற்காகத் தன்னையே வெறுத்தாள். சொன்னால் தினுஷா போய்விடுவாள். சொல்லாவிட்டால், வந்து இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறவள் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்?

ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேவிட்டாள். “போலீஸ்ல போய் உண்மையச் சொன்னா என்னம்மா?”

நேசம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “ஊர்ல எதுக்கும் வாயத் தொறக்காதவ, இதுக்குத்தானா தொறக்கணும்?”

நேசம்மாவுக்குத் தெரிந்த வழி வேறு. சம்பத் வெளியே வந்தால் நூற்றெட்டுச் செவ்வரத்தையில் மாலை கட்டிக் காளியம்மாளுக்குச் சாத்துவதாக நேர்ந்துவைத்திருந்தாள். அம்மாளுக்கு இரத்தச் சிவப்புத்தான் பிடிக்கும், அது அவளுடைய நாக்கின் நிறம் என்பாள். கேட்டதைக் கொடுத்தால் அவளுக்கு அவளுடைய நிறத்தைக் கொடுக்க வேண்டும். போலீசிடம் கொடுக்க முடியாததை அம்மாளிடம் கொடுத்துவிடலாம் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

பிணை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வருகிறான் என்று தினுஷா இடைவெளி வழியாக ஓடிவந்து சொன்னாள். வழக்கு முடியவில்லை, இன்னும் இழுக்கும், ஆனாலும் வருகிறான்.

செவ்வரத்தை ஒருநாள் பூ. காலையில் விரிந்து பின்னேரம் சுருண்டுவிடும். நூற்றெட்டும் ஒரே விடியலில் வேண்டும். செவ்வாய் விடிந்ததும் வினோஜா கூடையோடு இறங்கினாள். தங்கள் பக்கத்து வேலியில் அறுபதுதான் தேறியது. மேல்வீட்டுக்குப் போனாள். மார்ஜரி டீச்சர் ஜெபமாலையோடு வெளியே வந்தார்.

“சாமிக்கா? பறிச்சுக்கோ. நானும் பெரிய வெள்ளிக்கு இதைத்தான் சிலுவையடியில வைக்கிறேன். ரோசாப்பூ வைக்கக் கூடாதான்னு எல்லாரும் ஏசுவாங்க. இது மூணு மணிக்கெல்லாம் சோர்ந்துரும்மா. ஆண்டவரும் மூணு மணிக்குத்தானே உயிர விட்டாரு. வேற எந்தப் பூவுக்கு அந்த நேரம் தெரியும்?”

அங்கே இருபத்துநாலு. எதிர்வீட்டில் றிஸ்மியா இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

“பூவா? அள்ளிக்கொண்டு போ புள்ள. எங்களுக்குப் பூ வெச்சுக் கும்பிடுற பழக்கம் இல்லயே. எலய அரச்சுத் தலைக்கு வெச்சா நல்ல குளிர்ச்சி. உங்கட உம்மாட தலைக்கும் கொஞ்சம் கொண்டு போய்க் குடு, அவ இப்ப நல்லாச் சூடாகித் திரியிறா.”

ஒன்பது பூ. இன்னும் பதினைந்து வேண்டும். வினோஜா திரும்பி வந்து வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கொப்பைத் தன் பக்கம் இழுத்தபோது, தினுஷாவின் அம்மா சோமாவதி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தட்டில் கழுவிய வெள்ளை அரலியாப் பூக்கள் இருந்தன. மகன் வரும் நாள், விகாரைக்குப் போக வேண்டும்.

“சாமிக்கா மகள்? எடு, எடு. நாங்க இத ஒண்ணுக்கும் வைக்கிறதில்ல.”

ஏன் என்ற கேள்வி இரண்டாவது தடவையாக வினோஜாவின் தொண்டைவரை வந்தது. சோமாவதியின் முகத்தில் எழுபது நாளுக்குப் பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நேராகப் பார்க்க முடியாமல் பதினைந்து பூவையும் அவசரமாகப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலையை அவளே கோத்தாள். நேசம்மா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மாளுக்குச் சாத்தினாள். ஐயர் பூசை முடிந்து மாலையைக் கழற்றி, வாழையிலையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

“அம்மாள் கழுத்தில கெடந்த மாலை,” என்றாள் நேசம்மா வீட்டுக்கு வந்து. “இத சம்பத் கழுத்தில போடணும். இதுக்கு மேல ஒரு மரியாதை மனுசனுக்குக் கெடையாது. நிரூபா, நீதான் போடணும்.”

நிரூபன் அரைநாள் லீவு போட்டிருந்தான். சரி என்றான்.

நாலு மணிக்கு வான் வந்தது. தினுஷாவின் வீட்டு முற்றத்தில் இருபது பேராவது இருந்தார்கள். சோமாவதி கிரிபத், அந்தப் பாற்சோற்றுத் தட்டோடு முன்னால் நின்றாள். பக்கத்தில் அவளுடைய தம்பி பண்டார மாமா. சம்பத் இறங்கினான். பாதி உடம்பாகியிருந்தான். கையில் புதிதாக, பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல். தினுஷா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

நேசம்மா இலையைப் பிரித்து மாலையை மகனிடம் நீட்டினாள். நிரூபன் அதை வாங்கினான், ஒரு அடி வைத்தான், சம்பத்தின் முகத்தைப் பார்த்தான். அப்படியே பின்வாங்கி மாலையை வினோஜாவின் கையில் திணித்தான்.

“நீ போடு. எல்லாரும் பாக்கிறாங்க.”

எல்லாரும் பார்க்கிற இடத்தில் வினோஜா கால் எடுத்து வைத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. போட வேண்டியவன் போடாவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாராவது போடத்தானே வேண்டும். மாலையைப் போட்டுவிட்டு, இன்றைக்கே, இந்தக் கூட்டம் கலைந்ததும் தினுஷாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பூக்கள் சுருளத் தொடங்கியிருந்தன. சிவப்பு கறுத்து, காய்ந்த இரத்தம் போல இருந்தது. கையை உயர்த்திச் சம்பத்தின் கழுத்தில் போட்டாள்.

முற்றத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

சோமாவதியின் கையிலிருந்து தட்டு விழுந்தது. பண்டார மாமா தலையில் கை வைத்துக் கத்தினார். “எடு! எடுத்து வீசு அத! வழக்கே முடியல்ல, அதுக்குள்ள கொலைக்களத்துக்கு அனுப்புற மாலையப் போட்டுட்டாங்களே!”

நேசம்மாவுக்கு விளங்கவில்லை. “அம்மாள் மாலை ஐயா! காளியம்மாள் கழுத்தில கெடந்த மாலை!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காளி என்ற பேரைக் கேட்டதும் சோமாவதி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவர்கள் வழக்கத்தில் ஒருவன் மேல் கோபமென்றால்தான் காளியிடம் போவார்கள், அவனுக்குக் கெடுதல் கேட்டுத் தேங்காய் உடைப்பார்கள். இந்தத் தாய் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்தத் தாய்க்குச் சாபமாகக் கேட்டது.

சம்பத் மட்டும் அசையவில்லை. மாலையைக் குனிந்து பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி நிரூபனைப் பார்த்தான். நிரூபன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பரவாயில்ல,” என்றான் சம்பத். “எனக்கு நல்லாத்தானே இருக்கு.” சிரித்தான். ரோட்டோரத்தில் சிரித்த அதே சிரிப்பில்லை.

தினுஷாதான் மாலையைக் கழற்றினாள். கழற்றும்போது வினோஜாவைப் பார்த்தாள். “அன்னைக்கே கேட்டேனே உன்கிட்ட,” என்றாள். “பயமா இல்லையான்னு கேட்டேனே.”

வினோஜாவின் வாய் திறந்தது. பத்தாம் வகுப்பில் நடந்தது மாதிரியே ஆயிற்று. ஒரு சத்தமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிரூபன் பாய்ந்தான். “நாள் முழுக்க அவளோடதானே கெடக்கிறே? இந்தப் பூ அவங்களுக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? உன்னால எவ்வளவு அவமானம்!”

“நீ ஏன் போடல்ல?” என்றாள் வினோஜா.

அவன் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். நேசம்மா சாமிப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அம்மாளின் முகத்தைப் பார்க்க அவளுக்கே அன்று தைரியம் இல்லை, படத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வினோஜா வேலியடிக்குப் போனாள். நேற்று ஒன்றும் நடக்காதது மாதிரி வேலி முழுக்கப் புதுப் பூ. பறிக்கக் கை வரவில்லை.

இடைவெளியில் இலை அசைந்தது. தினுஷா குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் மாலை.

“மாமா ரோட்டில வீசப் போனாரு. நான் பறிச்சு வெச்சேன். சாமிக்குப் போட்டத மிதிக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருக்கே. ஆத்தில விட்டுரு.”

வினோஜா பையை வாங்கவில்லை. வாசற்படியில் தினுஷா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ராஜா காலத்தில, தலைய வெட்டக் கொண்டு போற ஆளுக்கு இந்தப் பூவிலதான் மாலை. செகப்பு மாலை போட்டு, கையப் பின்னால கட்டி, முன்னால பறை அடிச்சுக்கிட்டு நாலு தெருவிலயும் கூட்டிட்டுப் போவாங்களாம். சின்ன வயசில விகாரைப் பள்ளியில படிச்சது. அதுதான் நாங்க இத புத்தருக்கு வைக்கிறதில்ல. வெள்ளைப்பூ வைக்கிறோம். அதுவும் வாடத்தான் செய்யும், வாடறதுக்காகத்தான் வைக்கிறோம், ஆனா அது நம்ம வாட்டம். இது அடுத்தவன் போட்டு விடுற சாவு.” மூக்கை உறிஞ்சினாள். “எங்க அம்மாவுக்கு நேத்து தூக்கமே இல்ல. நான் சொல்லிட்டேன். வினோவுக்குத் தெரியாது, அவங்க சாமிக்கு இது பெரிய பூ, எங்க அண்ணனுக்காக நேர்ந்து செஞ்சாங்கன்னு சொன்னேன். அம்மா கடைசியில சரின்னுட்டாங்க. பின்னேரம் தேத்தண்ணிக்கு வரச் சொன்னாங்க உன்ன. நான்தான் நேத்து எல்லார் முன்னாலயும் உன்ன அப்படிக் கேட்டுட்டேன். கோவிச்சுக்காத.”

மன்னிப்பு மடியில் வந்து விழுந்துவிட்டது. வினோஜா செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தலையை ஆட்டினால் போதும், அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. பின்னேரம் தேத்தண்ணி. நாளைக்கும் தினுஷா வருவாள், இந்தப் படியில் உட்காருவாள், வழக்கு எப்படிப் போகிறது என்று சொல்லுவாள். சம்பத் சிரிப்பான். ஒருநாள் தீர்ப்பு வரும். பூவைப் பற்றித் தெரியாமல் செய்த தப்புக்கு மன்னிப்பு. தெரிந்தே எழுபது நாள் செய்ததற்கும் அதே மன்னிப்பைப் போர்த்திக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

தலையை ஆட்டத்தான் போனாள். மடியிலிருந்த பையில் கறுத்த பூக்கள் தெரிந்தன. நூற்றெட்டில் பதினைந்து அந்தப் பக்கத்துப் பூ.

“அந்த மாலை,” என்றாள் வினோஜா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “தப்பான கழுத்தில போட்டுட்டேன்.”

“அதான் சொன்னேனே, பரவாயில்ல.”

“இல்ல. நிரூபண்ணன்தான் ஓட்டினான்.”

தினுஷா அவளைப் பார்த்தாள்.

“நாலந்தாவில. நிரூபண்ணன் ஓட்டினான், சம்பத் அண்ணன் பின்னால இருந்தாரு. எங்க அம்மா கையப் பிடிச்சுக் கெஞ்சினாங்க. ரெண்டு நாள்னு சொன்னாங்க. உனக்குச் சொல்ல வேணாம்னு சம்பத் அண்ணன் சொன்னாரு. நானும் அங்கதான் நின்னேன்.”

ஒரே மூச்சில் சொன்னாள். இத்தனை வார்த்தையை அவள் சேர்ந்தாற்போல் சொன்னதே இல்லை. சொல்லி முடித்ததும் காது அடைத்தது மாதிரி இருந்தது. வீட்டுக்குள் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

தினுஷாவின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்ப்பது மாதிரி அவள் கண் வாசற்படியைப் பார்த்தது, தான் உட்கார்ந்த இடத்தை, வினோஜா உட்காருகிற இடத்தை, இரண்டுக்கும் நடுவில் சிதறிக் காய்ந்துபோய்க் கிடந்த கிள்ளிய இலைகளை. கோழியைக்கூட அடிக்காதவன் எப்படி அடித்தான் என்று அவள் இங்கேதான் உட்கார்ந்து கேட்டாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை.

“தினு,” என்றாள் வினோஜா. “ஏதாவது சொல்லு. ஏசவாவது செய்.”

தினுஷா எழுந்தாள். பையைப் படியில், தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே வைத்தாள். வேலி இடைவெளி நாலு எட்டில் இருந்தது. அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. முன்வாசல் வழியாக நடந்தாள், பேர் ஊர் தெரியாத ஆட்கள் வந்து போகிற வழியாக. கேட்டடியில் நிரூபன் அயர்ன் பண்ணிய சட்டையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான்.

“என்ன தினுஷா, அண்ணன் நல்லாத் தூங்கினாரா?” என்று கேட்டான்.

தினுஷா அவனைக் கடந்து ரோட்டில் இறங்கிப் போனாள்.